பேப்பர் போடுவதற்கு முன்னால்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனித்து முடித்துக்கொடுப்பவனாக இருந்தேன். இப்போது வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, வெளிநாட்டுச் சின்ன பிராண்டுகளுக்கு டெக் பேக் போட்டுக் கொடுக்கிறேன்; எந்தத் துணியில், என்ன அளவில் தைக்க வேண்டும் என்று ஃபாக்டரிக்குச் சொல்லும் ஃபைல் அது. வாரத்துக்கு ஒரு பையனாவது போன் செய்து, "அண்ணா, நானும் பேப்பர் போட்டுடட்டுமா?" என்கிறான். வேலையை ராஜினாமா செய்துவிட்டு என்னை மாதிரி வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாமா என்றுதான் கேட்கிறான். அவர்களிடம் சொல்வதுதான் இது.

முதலில், விற்க என்ன இருக்கிறது என்று பாருங்கள். லோகோ டிசைன் செய்கிறேன் என்று ஆன்லைனில் புரொஃபைல் போட்டு மூன்று மாதம் ஈ ஓட்டினேன். பிறகுதான் உறைத்தது: டி-ஷர்ட்டில் மார்பளவை எங்கே எடுப்பது என்று எனக்குத் தெரியும், படம் மட்டும் வரையத் தெரிந்த டிசைனருக்குத் தெரியாது. துணியை இழுக்காமல் தட்டையாகப் போட்டு, அக்குளிலிருந்து 1 அங்குலம் கீழே. 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) சிங்கிள் ஜெர்சி பனியன் துணி, கழுத்துக்கு இழுத்தால் நீளும் ரிப் துணி, ரிப் அகலம் முக்கால் அங்குலம், மார்பில் அரை அங்குலம் முன்னே பின்னே இருக்கலாம். இதையெல்லாம் ஒரே ஃபைலில் போட்டுவிட்டால் எந்த ஊர் ஃபாக்டரியும் திருப்பிக் கேட்காமல் சாம்பிள் தைத்துவிடும். முதல் ஃபைலுக்கு 25 டாலர் வாங்கினேன், இப்போது 90. 'எப்படா விடுவோம்' என்று நான் சபித்த அதே ஆபீஸ்தான் இதைக் கற்றுக்கொடுத்தது.

அடுத்தது தேதி. நான் சறுக்கியது இங்கேதான். மேனேஜரோடு ஒரு வாய்த்தகராறு, அன்றைக்கே கடிதம் கொடுத்துவிட்டேன். சர்வீஸ் 4 வருடம் 7 மாதம். வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு 5 வருடம் வேண்டும். அடிப்படைச் சம்பளம் 18,000. அதை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, 5 வருடத்தால் பெருக்கினால் 51,923 ரூபாய். ஐந்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் கைக்கு வந்திருக்கும். கோபம் வந்தால் டீக்கடைக்குப் போங்கள், கடிதம் எழுதாதீர்கள்.

கிரெடிட் கார்டு, வீட்டுக் கடன் எது வேண்டுமானாலும் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். விட்ட பிறகு பேங்க்காரர் இரண்டு மூன்று வருட வருமான வரிக் கணக்கைக் கேட்பார். பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள், அது பாட்டுக்கு வட்டி போட்டுக்கொண்டு கிடக்கட்டும், 2024-25க்கு 8.25 சதவீதம். வருடத்துக்கு வரி 10,000 ரூபாயைத் தாண்டும் என்று தெரிந்தால் ஜூன் 15லேயே அட்வான்ஸ் டாக்ஸ், அதாவது வரியை முன்கூட்டியே தவணையாகக் கட்டுவது, தொடங்கிவிடும். அதற்கு ஒரு ஆடிட்டரைப் பிடித்துக்கொள்வது நல்லது.

மின்வாரியத்தின் மாதப் பராமரிப்பு நாளில் காலை 9 மணிக்குப் போன கரண்ட் சாயங்காலம்தான் வரும். இன்வெர்ட்டர் இல்லாமல் இந்த வேலைக்கு வராதீர்கள். கடிகாரத்திலும் ஒரு கண் இருக்கட்டும். நியூயார்க்கில் மார்ச் இரண்டாம் ஞாயிறு மணியை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். அந்த ஊர் கிளையண்டோடு நமக்கு இரவு 8.30க்கு இருந்த வீடியோ கால் அன்றிலிருந்து 7.30. அது தெரியாமல் 8.30க்கு சட்டை மாட்டி உட்கார்ந்தேன். எதிரில் யாரும் இல்லை. அந்தக் கிளையண்ட் திரும்ப வரவே இல்லை.

கடைசியாக, வீடு. அப்பாவுக்கு மாசம் பிறந்தால் சம்பளம் வர வேண்டும்; 'ஆன்லைன்' என்றால் சூதாட்டம் மாதிரி ஒரு முகம் காட்டுவார். அதனால் இரண்டு அக்கவுண்ட் வைத்திருக்கிறேன். வருகிற டாலரெல்லாம் ஒன்றில் சேரும். அதிலிருந்து 1ஆம் தேதி 30,000 ரூபாய், வேலை குவிந்த மாதமானாலும் காய்ந்த மாதமானாலும் அதே தொகை, வீட்டுச் செலவு அக்கவுண்டுக்குப் போய்விடும். எஸ்.எம்.எஸ். அப்பா போனுக்கு வரும். நாலு மாதம் அது சரியாக வந்த பிறகு, மாடியறைக்கு ஏ.சி. போடலாமா என்று அவரே கேட்டார்.

பெண் பார்க்கும் இடத்தில் மட்டும் இன்னும் சிக்கல்தான். போன மாதம் ஒருவர், "தம்பி எந்தக் கம்பெனிங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்: "எக்ஸ்போர்ட் லைன்லதானுங்க இருக்கான்."