வெப்சைட்டை முடித்துக் கொடுத்த பிறகு: வருடப் பராமரிப்பைச் செய்யும் முறை

பெங்களூரில் அல்சூர் இனிப்புக் கடைக்கோ பீனியா பட்டறைக்கோ சைட் போட்டுக் கொடுத்து, கடைசித் தவணையும் வாங்கியாயிற்று. ஆறு மாதம் கழித்து, "சார், சைட் ஓப்பன் ஆகலை" என்று போன் வரும். அந்தப் போன் வராமல் காப்பது தனி வேலை, அதற்குத் தனிக் கட்டணம். வேர்ட்பிரஸ் (சைட் கட்டும் மென்பொருள்) சைட்டுகளுக்கு அதைச் செய்யும் முறை இது.

படி 1: யார் பெயரில் இருக்கிறது?

டொமைனும் (சைட்டின் முகவரிப் பெயர்) ஹோஸ்டிங்கும் (சைட் இருக்கும் சர்வர் இடம்) வாடிக்கையாளர் பெயரில், அவருடைய மெயிலில் இருக்கட்டும். உங்கள் கணக்கில் வாங்கிக் கொடுப்பது சுலபம்தான். ஆனால் பிரியும் நாளில் அதுவே சண்டையாகும். உங்களுக்குத் தனி லாகின் போதும். அட்மின் மெயிலாக யாராவது தினமும் பார்க்கும் முகவரியைக் கொடுங்கள். பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) ஒன்று சைட்டைக் கவிழ்த்தால், உள்ளே நுழைவதற்கான ரெக்கவரி லிங்க்கை வேர்ட்பிரஸ் (2019-இல் வந்த 5.2 பதிப்பு முதல்) அந்த முகவரிக்குத்தான் அனுப்பும்.

படி 2: எழுதி வாங்குங்கள்

மாதம் 2 மணி நேர வேலை என்று வையுங்கள். விலை, படம் மாற்றுவது அதற்குள் அடங்கும். புதிய பக்கம், கன்னடப் பதிப்பு எல்லாம் தனிக் கட்டணம். வருடப் பணத்தை முன்பணமாகவே கேளுங்கள். சிறு தொகைக்காக மாதாமாதம் துரத்துவது வேலையைவிடப் பெரிய வேலை.

படி 3: ரின்யூவல்

ஆட்டோ ரின்யூ போட்டிருக்கிறது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் தானாகப் பணம் எடுக்க முன்கூட்டியே மேண்டேட் (வாடிக்கையாளர் தரும் அனுமதி) பதிவாகியிருக்க வேண்டும். வெளிநாட்டு ஹோஸ்டிங்கில் அது பதிவாகாமல் இருந்தால் பணம் போகாது, டொமைன் காலாவதியாகும். டாட் காம் பெயர் ஒன்று நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்கலாம், ஆனால் கூடுதல் கட்டணம் உண்டு. எனவே 60, 30, 7 நாட்களுக்கு முன் காலண்டரில் நினைவூட்டல் வையுங்கள். சைட்டைப் பாதுகாப்பாகத் திறக்க வைக்கும் இலவச லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழின் ஆயுள் அதிகபட்சம் 90 நாள்தான். அது தானே புதுப்பித்துக்கொள்ளும் என்றாலும், யாராவது டிஎன்எஸ்ஸை (டொமைன் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவுகள்) மாற்றினால் தடைபடும்.

படி 4: பேக்கப்

ஃபைல்கள், டேட்டாபேஸ் இரண்டும் வேண்டும். படங்களை மட்டும் எடுத்து வைத்தால், எழுதிய பக்கங்களும் ஆர்டர்களும் போய்விடும். அதே சர்வரில் வைக்காமல் வேறு இடத்திற்கு அனுப்புங்கள். 3 மாதத்திற்கு ஒருமுறை வெற்று சப்டொமைனில் (டொமைனின் கீழ் வரும் துணை முகவரி) மீட்டுப் பாருங்கள்.

படி 5: அப்டேட்

அதிகம் உடைவது இங்கேதான். வெள்ளிக்கிழமை மாலை செய்யாதீர்கள். கடைகளுக்கு வார இறுதியில்தான் வியாபாரம்.

பேக்கப் எடுத்துவிட்டு ஸ்டேஜிங் நகலில் (சோதனைக்கான தனிப் பிரதி) முதலில் செய்யுங்கள். பிளகின்களை ஒவ்வொன்றாக, பிறகு தீம் (சைட்டின் தோற்றம்), அதன்பின் வேர்ட்பிரஸ். மொத்தமாக அழுத்தினால் எது உடைத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் பிறகு முகப்பு, பொருள் பக்கம், பணம் கட்டும் பக்கம் மூன்றையும் மொபைலில் திறந்து பாருங்கள். பிஹெச்பி (வேர்ட்பிரஸ் இயங்கும் நிரல்மொழி) பதிப்பை மாற்றுவதை இதோடு சேர்க்காமல் வேறொரு நாளுக்கு வையுங்கள்.

வெள்ளைத் திரை வந்தால் ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரில், கடைசியாக அப்டேட் செய்த பிளகினின் ஃபோல்டர் பெயரை மாற்றுங்கள். அந்தப் பிளகின் நின்றுவிடும், சைட் எழுந்துவிடும். இன்னொன்று: தீம் ஃபைலுக்குள் நேரடியாகத் திருத்தியிருந்தால் அப்டேட் அதை அழித்துவிடும். திருத்தங்கள் சைல்ட் தீமில் (மூலத் தீமைச் சார்ந்து இயங்கும் தனித் தீம்) இருக்கட்டும்.

படி 6: ஃபார்ம் சோதனை

சைட் அழகாகத் திறக்கும். விசாரணை ஃபார்மை யாராவது நிரப்பினால் வர வேண்டிய மெயில் மட்டும் வராது. மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் பட்டறை ஆர்டர்களை இழக்கும். மாதம் ஒருமுறை நீங்களே ஃபார்மை நிரப்பி அனுப்பி, வந்ததா என்று வாடிக்கையாளரிடம் கேளுங்கள். வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம், சர்வரிலிருந்து அடையாளச் சோதனை இல்லாமல் மெயில் போவதுதான். எஸ்எம்டிபி பிளகின் (முறையான மெயில் கணக்கு வழியாக அனுப்ப வைப்பது) போட்டு, மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை டொமைனில் சேர்த்து, மறுபடி அனுப்பிப் பாருங்கள்.