லோஷனில் நறநறப்பு போன கதை

செய்த அன்று வழுவழுவென்று இருக்கும் லோஷன், நாலைந்து நாளில் நறநறவென்று ஆகிவிடும். தண்ணீர் பிரியவில்லை, வாடையும் மாறவில்லை. எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்துப் பிடிக்கும் குழம்பாக்கும் மெழுகு சரியாக உருகவில்லையோ என்று எண்ணெய், தண்ணீர் இரண்டையும் 75 டிகிரிக்குச் சூடாக்கிக் கலந்தேன், பலனில்லை. மெழுகைக் கூட்டினேன், கெட்டியானதுதான் மிச்சம்.

ஒரு குருணையை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தபோதுதான் பிடிபட்டது. உடல் சூட்டிலேயே கரைந்தது! மெழுகு அப்படிக் கரையாது. காரணம், லோஷனில் சேர்த்திருந்த ஷியா வெண்ணெய்தான், அதாவது ஷியா மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பு. மெதுவாக ஆறும்போது அதிலுள்ள கெட்டிக் கொழுப்பு தனியே படிகமாகிவிடுகிறது. சரி என்று, வெண்ணெய் முழுதாக உருகியபின்னும் சற்று நேரம் சூட்டிலேயே வைத்து, கலந்ததும் பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் இறக்கி, ஆறும்வரை கைவிடாமல் கிளறினேன். லோஷன் கெட்டுப்போகாமல் காக்கும், சூடு தாங்காத பதனப்பொருளை 40 டிகிரிக்குக் கீழே வந்த அப்புறம்தான் சேர்த்தேன். வாரக்கணக்காகியும் ஒரு குருணை இல்லை, அப்பாடா.