தரவரிசை ஏறி இறங்கும்போது ஒரு டென்னிஸ் வீரரைப் பின்தொடர்வது எப்படி?

விருப்பமான வீரர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறார் என்பதைவிட, அவருடைய புள்ளிகளில் எவை எந்த வாரத்தில் கழியப்போகின்றன என்பதையே ரசிகர் முதலில் கவனிக்க வேண்டும். தரவரிசை என்பது கடந்த 52 வாரங்களில் சேர்த்த புள்ளிகளின் கணக்கு. ஆண்டின் நான்கு பெரும் போட்டிகளான கிராண்ட்ஸ்லாம்களில் ஒரு பட்டம் தரும் 2000 புள்ளிகள் அடுத்த ஆண்டு அதே போட்டியோடு காலாவதியாகிவிடும். 2021-இல் தகுதிச்சுற்றிலிருந்து முன்னேறி அமெரிக்க ஓபனை வென்ற எம்மா ராடுகானு, 2022-இல் அங்கே முதல் சுற்றிலேயே தோற்றதும் 11-ஆம் இடத்திலிருந்து 83-ஆம் இடத்துக்கு இறங்கினார். அவருடைய ஆட்டமே ஒரே இரவில் கெட்டுவிட்டது என்று பேசியவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

அடுத்தது ஆடுதளம். செம்மண்ணில் பந்து வேகம் குறைந்து உயர எழும்பும். புல்தரையில் தாழ்ந்து வழுக்கிக்கொண்டு போகும். ஆகவே செம்மண்ணில் நடக்கும் பிரெஞ்சு ஓபன் முடிவை, புல்தரையில் நடக்கும் விம்பிள்டன் முடிவோடு ஒப்பிடாமல், முந்தைய ஆண்டின் செம்மண் ஆட்டங்களோடு ஒப்பிடுவதே நியாயம். தோற்ற ஆட்டத்தில் இரண்டாவது சர்வீஸில் (முதல் சர்வீஸ் தவறினால் கிடைக்கும் மறுவாய்ப்பு) எத்தனை விழுக்காடு புள்ளிகள் கிடைத்தன என்று பாருங்கள். நம்பிக்கை தளர்வது பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும்.

காயத்தால் நீண்ட காலம் விலகியவரிடம் மட்டும் அவசரப்படக் கூடாது. 2019 ஜனவரியில் இடுப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஆண்டி மர்ரி, கோடையில் இரட்டையர் ஆட்டங்களில் தொடங்கி, அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் வாவ்ரிங்காவை வீழ்த்தி ஒற்றையர் பட்டத்தையே வென்றார்.