ஸ்பானிஷில் 'எனக்குப் பிடிக்கும்': குஸ்தார் வினைச்சொல் படிப்படியாக

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்குபவர்கள் சீக்கிரமே தடுமாறும் இடம் குஸ்தார். ஆங்கிலம் வழியாக அதை அணுகுவதுதான் பெரும்பாலும் காரணம். ஆங்கிலத்தில் 'நான்' என்றுதான் தொடங்க வேண்டும். நாமோ 'எனக்குக் காபி பிடிக்கும்' என்கிறோம். ஸ்பானிஷும் அப்படியே: மே குஸ்தா எல் கஃபே. ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தமிழிலிருந்து நேராகப் போங்கள், பாதி வேலை முடிந்தது.

உச்சரிப்பில் ஒன்று: குஸ்தாவின் தொடக்கம் 'குண்டு' என்பதில் வரும் கு. முடிவு 'டா' இல்லை, நாக்கு பல்லைத் தொடும் 'தா'.

படி 1: யாருக்கு?
மே – எனக்கு. தே – உனக்கு. லே – அவனுக்கு, அவளுக்கு, மரியாதையாக ஒருவரிடம் பேசினால் உங்களுக்கு. நோஸ் – நமக்கு, எங்களுக்கு (இரண்டுக்கும் ஒன்றே). லேஸ் – அவர்களுக்கு. நண்பர்கள் பலரிடம் 'உங்களுக்கு' என்று சொல்ல ஸ்பெயினில் ஓஸ். லத்தீன் அமெரிக்காவில் அதற்கும் லேஸ்தான்.

படி 2: பிடித்தது ஒன்றா, பலவா?
தமிழ் கைகொடுக்காத இடம் இது. காபி பிடிக்கும், புத்தகங்கள் பிடிக்கும். நமக்கு வினை மாறுவதில்லை. ஸ்பானிஷில் மாறும். மே குஸ்தா எல் லீப்ரோ என்றால் அந்த ஒரு புத்தகம் பிடிக்கும். புத்தகங்கள் என்றால் மே குஸ்தான் லோஸ் லீப்ரோஸ். பிடிப்பது எத்தனை பேருக்கு என்பது இங்கே கணக்கில்லை: நோஸ் குஸ்தா எல் கஃபே, லேஸ் குஸ்தா எல் கஃபே. எல், லோஸ் போன்ற சொற்களையும் விட்டுவிடாதீர்கள். தமிழில் அவை இல்லாததால் 'மே குஸ்தா கஃபே' என்றுதான் வாயில் வரும், அது பிழை.

செயலைச் சொல்லும்போது எப்போதும் குஸ்தாதான், இரண்டு செயல் வந்தாலும்: மே குஸ்தா கான்தார் இ பைலார். பாடவும் ஆடவும் பிடிக்கும்.

படி 3: பெயர் சொன்னால்?
முன்னால் 'ஆ' சேருங்கள். நம் 'க்கு' செய்யும் வேலையை அது செய்கிறது. ஆ மரியா லே குஸ்தா எல் கஃபே. பெயர் வந்துவிட்டதே என்று லே-யை எடுத்துவிடக் கூடாது.

'பிடிக்காது' சுலபம். மே-க்கு முன்னால் நோ: நோ மே குஸ்தா.

படி 4: ஆட்களிடம் கவனம்
ஒருவரிடம் 'மே குஸ்தாஸ்' என்றால், உன் மேல் எனக்கு ஈர்ப்பு என்று பொருள்படும். உடன் வேலை செய்பவரை நல்லவர், பிடிக்கும் என்று சொல்ல மே காயே பியென் பாதுகாப்பானது.

இந்த அமைப்பு பிடிபட்டால் மற்ற வினைகளும் வரிசையாக வரும். மிகவும் பிடிக்கும் என்பதற்கு மே என்கான்தா. தலை வலித்தால் மே துவேலே லா கபேஸா: எனக்குத் தலை வலிக்கிறது. கண்கள் வலித்தால், படி 2-இல் பார்த்தபடி வினை பன்மையாகும்: மே துவேலென் லோஸ் ஓஹோஸ்.