செங்கோட்டையில் வார வானிலையையும் மேகத்தையும் பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை வருமா என்று அறியச் செங்கோட்டைக்காரர்கள் மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கம் திரும்பிப் பார்த்துப் பழகியவர்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பழக்கம் சரியானதே. ஆனால் ஐப்பசி பிறந்து, கிழக்கிலிருந்து வரும் கொண்டல் காற்று எழுந்த பிறகும் மலையையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் இங்கே நான் அதிகம் காணும் தவறு.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் மாதத்தில், கார் சாகுபடி நெல்லைக் களத்தில் காயப்போட்டிருந்தோம். மலைமுகடு துடைத்துவிட்டாற்போல இருந்ததால் தார்ப்பாயை வீட்டிலேயே விட்டுவிட்டேன். பகல் இரண்டு மணிக்குக் கிழக்கே ஒரு மேகம், காலிஃபிளவர் பூப்போல விளிம்பு கூர்மையாக, மேலே மேலே பொங்கிக்கொண்டிருந்தது. மூன்றரை மணிக்கு அதன் உச்சி பட்டறைக் கல்போலத் தட்டையாக விரிந்தது. நான்கு மணிக்குக் களத்தில் நெல் மிதந்தது. பள்ளிப் பாடநூல் கார்திரள் மேகம் என்று சொல்வது அதைத்தான். அடிப்பகுதி 2 கிலோமீட்டர் உயரத்துக்குள் இருந்தாலும், நம்மைப் போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில் அதன் தலை 15 கிலோமீட்டரையும் தாண்டக்கூடும். பஞ்சுப்பொதி போன்ற சிறு திரள் மேகங்கள் நண்பகலில் அகலமாகப் பரவாமல் உயரமாக வளரத் தொடங்கினால், எந்தத் திசையில் இருந்தாலும் அவற்றைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறு ஆடி மாதத்தில் நடக்கிறது. முகட்டில் வெள்ளைச் சுவர்போல மேகம் நிற்பதைக் கண்டு, பெருமழை இறங்கப்போகிறது என்று வேலையை நிறுத்திவிடுகிறார்கள். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று கேரளப் பக்கச் சரிவில் ஏறிக் குளிர்ந்து மேகமாகிறது. மழையில் பெரும்பகுதி அங்கேயே கொட்டிவிடுகிறது. மிஞ்சிய காற்று நம் பக்கம் இறங்கும்போது சூடேறுவதால் மேகம் கரைந்துபோகிறது. காற்று இடைவிடாமல் வீசினாலும் அந்தச் சுவர் இடம் மாறாமல் நிற்பது இதனால்தான். ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைந்து வருவது பெரும்பாலும் சாரல். நாள் முழுவதும் சட்டை ஈரமாகவே இருக்கும். ஆனால் மழைமானியில் 2 மில்லிமீட்டர்கூடச் சேர்ந்திருக்காது. ‘கனமழை’ என்று வானிலை ஆய்வு மையம் சொல்வது 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்வதை. அந்த அளவு காலை 8.30 மணி தொடங்கி மறுநாள் காலை 8.30 மணி வரை கணக்கிடப்படுவதால், பத்திரிகையில் வரும் மழையளவை நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை பெய்ததாக எண்ணக்கூடாது.

கைபேசியில் ஏழு நாள்களுக்கும் வரிசையாகத் தெரியும் மேகப் படங்களை ஒரே உறுதியோடு நம்புவது அடுத்த தவறு. முதல் இரண்டு, மூன்று நாள்களுக்கான கணிப்பில் இருக்கும் உறுதி ஆறாம், ஏழாம் நாளுக்கு இருப்பதில்லை. மேலும், வானிலையைக் கணிக்கும் பல கணினி மாதிரிகள் நிலத்தைச் சுமார் 10 கிலோமீட்டரோ அதற்கு மேலோ அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுவதால், மழையில் நனையும் மலைச்சரிவும் வெயில் காயும் நம் வயலும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடலாம். ‘40 சதவீதம்’ என்று போட்டிருந்தால், நாளில் 40 சதவீத நேரம் பெய்யும் என்று பொருளல்ல. அதே நிலைமை பத்து நாள்களில் அமைந்தால் ஏறத்தாழ நான்கு நாள் மழை இருக்கும் என்பதே பொருள். கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவர் ஒரு வாரம் முன்னதாகப் பார்க்கலாம், தவறில்லை. முந்தின நாள் மறுபடியும் பார்த்தாக வேண்டும். உழவர்களுக்குச் செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாள்களும் வெளியாகும் வேளாண் வானிலை அறிவுரை அந்தப் படங்களைவிடப் பயனுள்ளது என்பது என் அனுபவம்.

1956 நவம்பர் 1 வரை மலைக்கு அப்பால், திருவனந்தபுரத்திலிருந்து ஆளப்பட்ட ஊர் இது. உறவும் வியாபாரமும் இன்றும் அங்கே இருப்பதால் மலையாளத் தொலைக்காட்சி பல வீடுகளில் ஓடுகிறது. கொல்லம் மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை என்று அதில் கேட்டதும், தென்காசி மாவட்டத்துக்கும் அதுவே என்று எடுத்துக்கொள்கிறார்கள். எச்சரிக்கை மாவட்டவாரியாகத் தரப்படுவது. அதற்காக அப்புறத்துச் செய்தியைத் தள்ளிவிடவும் கூடாது. கொல்லம் மாவட்டத்துத் தென்மலைக்கு லாரி ஓட்டிச் செல்கிறவர் இரண்டு மாவட்டங்களின் எச்சரிக்கையையும் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.

அறிக்கையின் சொற்களிலும் கவனம் தேவை. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்குள் மழை பதிவாகலாம் என்றும், ‘அநேக இடங்களில்’ என்றால் பாதிக்கு மேல் என்றும் பொருள். ‘ஓரிரு இடங்களில் கனமழை’ என்று சொல்லி நம் தெருவில் தூறல்கூட விழவில்லையென்றால், கணிப்பு பொய்த்தது என்று முடிவுகட்டிவிட முடியாது.

குதிரைவால்போல உயரத்தில் இழையோடும் கீற்று மேகமும், செம்மறியாட்டு மந்தைபோலப் பரவும் இடைப்பட்ட திரள் மேகமும் அன்றைய களத்து வேலையைக் கெடுப்பது அரிது. முக்கியமாகப் பயப்பட வேண்டியது கார்திரள் மேகம் என்ற இடிமேகத்துக்குத்தான். மின்னலுக்கும் இடியோசைக்கும் நடுவே 30 வினாடி இருந்தால் அது சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அந்தத் தூரத்திலும் மின்னல் நம்மைத் தாக்கக்கூடும். புளியமரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிந்த பிறகே தார்ப்பாயை எடுக்கக் களத்துக்குத் திரும்ப வேண்டும்.