மொரிஸ் மைனர் வாங்கியாச்சா? முதலில் கிறீஸ் கன்னை எடுங்கள்

பழைய கார் வாங்கிய எல்லாரும் பொனெட்டைத் திறந்ததும் கார்பரேட்டரைத்தான் திருகத் தொடங்குகிறார்கள். தயவுசெய்து அதைக் கடைசிக்கு விடுங்கள். மொரிஸ் மைனரில் உயிரைக் காப்பது காருக்குக் கீழே இருக்கிறது.

1. கிறீஸ். முன் சில்லுகளைத் தாங்குகிற ட்ரனியன்கள் மரையில் சுழல்பவை. கிறீஸ் காய்ந்தால் மரை தேயும், தேய்ந்தால் ஒரு நாள் சந்தியில் திருப்பும்போது சில்லு அப்படியே மடிந்து கார் தரையில் குந்திவிடும், இந்தக் காரில் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, சில்லு நிலத்தில் படாமல் தொங்கவிடுங்கள். பாரம் இறங்கினால்தான் கிறீஸ் சரியாக உள்ளே போகும். மேலே ஒரு நிப்பிள் (கிறீஸ் அடிக்கும் சிறு வாய்), கீழே ஒன்று, ஸ்டியரிங் தடியின் நுனியிலும் ஒன்று இருக்கும். துடைத்துவிட்டு, பழைய கறுப்புக் கிறீஸ் வெளியே வந்து புதியது தெரியும்வரை அடியுங்கள். 1000 மைலுக்கு ஒருமுறை போதும், வெள்ளத்துக்குள் ஓடியிருந்தால் அதற்கு முன்பே.

2. பிறேக். ஒயில் ஊற்றும் இடத்தைப் பொனெட்டுக்குள் தேடாதீர்கள், மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், கார்ப்பெட்டுக்குக் கீழே இருக்கிறது. மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பிறகே திறவுங்கள். பிறேக் ஒயில் மட்டும்தான் ஊற்றலாம், என்ஜின் ஒயில் பட்டால் றப்பர் ஊதிக் கெட்டுவிடும். நான்கு சில்லிலும் டிரம் பிறேக், முன்னால் ஒவ்வொன்றிலும் இரண்டு அட்ஜஸ்டர், பின்னால் ஒவ்வொன்று. சில்லு இறுகும்வரை திருகி, பிறகு சுதந்திரமாகச் சுழலும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். முடிந்ததும் வளவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டி மிதித்துப் பாருங்கள்.

3. பற்றரி. கழற்றும் முன் எந்த வயர் பொடியில், அதாவது காரின் இரும்பு உடலில், பூட்டியிருக்கிறது என்று பாருங்கள், திரும்பவும் அப்படியே பூட்ட வேண்டும். தொழிற்சாலையில் பூட்டியபடி பொசிட்டிவ்தான் பொடிக்குப் போகும், இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம்.

4. பொயின்ட். பிளக்குக்குப் பொறி வர மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு தொடுமுனைகள் இவை. அவை இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, ஸ்டார்ட் பண்ணும் கைப்பிடியால் என்ஜினைச் சுற்றி, பொயின்ட் முழுதாகத் திறந்து நிற்கும்போது 0.38 மிமீ இடைவெளி வையுங்கள். வால்வுக்கு, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.30 மிமீ.

5. ஒயில். 20டபிள்யூ-50 போதும். யாழ்ப்பாணத்தில் வாங்கிய கார் என்றால் முன்பு என்ன ஒயில் ஊற்றினார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே மாற்றுங்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் இல்லாமல் அங்கே பழைய கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின, எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து ஒயிலைத் தண்ணீர்போல ஐதாக்கிவிடும். டிப்ஸ்டிக்கை மணந்து பார்த்தாலே தெரியும்.

இதெல்லாம் சரியென்றால் இனிக் கார்பரேட்டர். மேல் மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே ஒயில் குறைந்திருந்தால் கொஞ்சம் விடுங்கள். கீழே இருக்கும் மிக்ஸர் நட்டில் கை வைக்காதீர்கள், என்ஜின் சூடாகி ஒரே சீராக ஓடுகிறதென்றால் அதைத் தொட வேண்டிய தேவையே இல்லை.