நெல்லை வலைப்பூக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும்: மாறிய விதிகளோடு ஆட்சென்ஸ், கூகுள் ஆட்ஸ் தொடங்குவது எப்படி?

குற்றாலம் சீசன் பற்றி எழுதும் தென்காசித் தம்பிக்கும், பத்தமடையில் கோரைப்பாய் விற்கும் அண்ணாச்சிக்கும் நடுவில் ஓடுவது ஒரே பணம்தான். அண்ணாச்சி கூகுளில் விளம்பரம் கொடுக்கும் வசதியான கூகுள் ஆட்ஸ் வழியாகக் கொடுக்கிறார், தம்பி தன் பக்கத்தில் அந்த விளம்பரங்களைக் காட்டிச் சம்பாதிக்கும் வசதியான ஆட்சென்ஸ் வழியாக வாங்குகிறான். தமிழ்ப் பக்கங்களுக்கு இந்த வசதி 2018இல் வந்தது. அதற்குப் பிறகு விதிகள் நிறைய மாறிவிட்டன. பழைய வீடியோக்களைப் பார்த்துத் தொடங்கினால் தடுமாறத்தான் செய்யும்.

பணம் எப்படிப் பிரிகிறது

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள். 2023 நவம்பரில் கூகுள் அறிவித்து, 2024 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த மாற்றம் இது. அண்ணாச்சி 100 ரூபாய் செலவழித்தால், கூகுள் ஆட்ஸ் சராசரியாக 15 ரூபாய் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 85. அதில் 80 சதவீதம், அதாவது 68 ரூபாய், தம்பிக்கு. முன்பும் ஏறக்குறைய இதே 68தான். இப்போது கணக்கு இரண்டாகப் பிரித்துக் காட்டப்படுகிறது.

பெரிய மாற்றம் வேறு இடத்தில். முன்பு பெரும்பாலும் கிளிக் விழுந்தால்தான் வலைப்பூக்காரருக்குக் காசு. இப்போது விளம்பரம் காட்டப்பட்டாலே கணக்கு ஏறும். அதனால் "இந்த இடத்தில் விளம்பரப் பெட்டியை வைத்தால் கை தவறிப் படும்" என்ற பழைய வித்தைகளைத் தூக்கிப் போடுங்கள். ஐந்தருவியில் குளிக்க அனுமதி உண்டா, எங்கே வண்டி நிறுத்தலாம் என்று வாசகர் நின்று படிக்கும்படி எழுதுவதுதான் இனிப் பலன் தரும். எனக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது. நன்றாக எழுதுகிறவருக்கு இது நியாயமானது.

வலைப்பூக்காரர் செய்ய வேண்டியவை

1. ஆட்சென்ஸில் கணக்குத் தொடங்குங்கள். 18 வயது ஆகியிருக்க வேண்டும். பெயர் வங்கிக் கணக்கில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும்.

2. முகவரியில் அவசரம் வேண்டாம். வருமானம் 10 டாலரைத் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்க, சாதாரணத் தபாலில் ஒரு பின் எண் (ரகசிய எண்) வரும். கதவு எண், தெரு, "அம்பாசமுத்திரம் வழி" என்பதெல்லாம் விடாமல் எழுதுங்கள். உங்கள் ஊர்த் தபால்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதும் நல்லது. அந்த எண்ணை 4 மாதத்துக்குள் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். கடிதத்தில் வரும் எண்ணும் ஆறு இலக்கம்தான். அஞ்சல் குறியீட்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

3. 'ஆட்ஸ் டாட் டெக்ஸ்ட்' என்ற சிறிய கோப்பு வேண்டும். உங்கள் தளத்தின் பெயரில் வேறு யாரும் விளம்பர இடம் விற்காமல் தடுப்பது இது. ஆட்சென்ஸ் காட்டும் ஒற்றை வரியை அப்படியே நகலெடுத்துத் தளத்தின் முதன்மைக் கோப்புறையில் (ரூட்) வையுங்கள். கூகுளின் வலைப்பூ வசதியான பிளாக்கரில் இதற்கு அமைப்புகளிலேயே இடம் உண்டு.

4. நம் ஊர்ப் பக்கங்களை லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிற சொந்தக்காரர்களும் படிக்கிறார்கள். ஐரோப்பிய வாசகர்களிடம் ஒப்புதல் கேட்கும் அறிவிப்பு 2024 ஜனவரி முதல் கட்டாயம். ஆட்சென்ஸின் 'பிரைவசி அண்ட் மெசேஜிங்' பகுதியில் கூகுளே இலவசமாகத் தருவதை இயக்கிவிட்டால் போதும்.

5. வாட்ஸ்அப் குழுவில் "என் பக்கத்தைத் திறந்து திறந்து மூடுங்கள்" என்று கேட்காதீர்கள். கிளிக் போலவே பொய்யான பார்வைகளும் கண்டுபிடிக்கப்படும், கணக்கே போய்விடும்.

மாத முடிவில் 100 டாலர் சேர்ந்திருந்தால், அடுத்த மாதம் 21 முதல் 26 தேதிக்குள் வங்கிக்கு அனுப்புவார்கள்.

விளம்பரம் கொடுப்பவர் கவனிக்க வேண்டியவை

இங்கே பணம் வீணாவது பெரும்பாலும் முன்பே டிக் செய்யப்பட்ட பெட்டிகளால்தான்.

இடம் என்ற பகுதியில் திருநெல்வேலி என்று கொடுத்தாலும், திருநெல்வேலியில் 'ஆர்வம் காட்டுகிறவர்கள்' எல்லோருக்கும் காட்டு என்பதே இயல்பாக இருக்கும். மேலப்பாளையத்தில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவருக்கு டெல்லியில் இருந்து வரும் கிளிக்கால் என்ன பயன்? அவர் 'அந்த இடத்தில் இருப்பவர்கள்' என்பதற்கு மாற்ற வேண்டும். பத்தமடை அண்ணாச்சியின் கதை வேறு. மணமக்கள் பெயர் நெய்த பாயைப் பார்சலில் அனுப்புகிறவர் என்றால் சென்னை, பெங்களூரு என்று ஊர்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கூகுளில் தேடுகிறவர்களுக்குக் காட்டும் தேடல் விளம்பரம் போடும்போது 'டிஸ்ப்ளே நெட்வொர்க்' (பிற தளங்களிலும் காட்டுவது) பெட்டியில் டிக் இருந்தால், தொடக்கத்தில் எடுத்துவிடுங்கள். சின்ன பட்ஜெட் இரண்டு பக்கமும் சிதறும்.

எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நீங்கள் கொடுக்கும் சொற்களும் அப்படித்தான். வெறுமனே கொடுத்தால் 'பிராட் மேட்ச்' ஆக, அதாவது தொடர்புள்ள தேடல்கள் எல்லாவற்றுக்குமாக எடுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பாய், யோகா பாய் தேடுகிறவர்களுக்கும் காட்டும். "பத்தமடை பாய்" என்று இரட்டை மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். பிளாஸ்டிக், யோகா இரண்டையும் வேண்டாத சொற்கள் பட்டியலில் போடுங்கள்.

விளம்பர வரிகளைப் பழைய முறையில் ஒரே வடிவமாக எழுத முடியாது. அது 2022 ஜூன் 30உடன் முடிந்தது. இப்போது 15 தலைப்பு, 4 விளக்கம் வரை கொடுக்கலாம். கூகுளே கலந்து காட்டும். எந்த இரண்டு தலைப்பு சேர்ந்தாலும் பொருள் வருகிறதா என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

அப்புறம், 18 சதவீத ஜிஎஸ்டியையும் பட்ஜெட்டில் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஜிஎஸ்டி எண் இருந்தால் முதல் பணம் கட்டும் முன்பே பில்லிங் பகுதியில் பதிந்துவிடுங்கள்.